இன்னும் கொஞ்சம் ஊறட்டும்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கற்ற பழக்கம் அது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான்கு வருடம் கெமிஸ்டாக இருந்தேன். அங்கே பெரிய மர டிரம்முக்குள் பதனிடும் குரோம் உப்புத் தண்ணீரில் தோல் உருண்டுகொண்டிருக்கும். ஆபரேட்டர் வந்து "ஆயிடுச்சு சார்" என்பார். நான் தலையாட்ட மாட்டேன். கழுத்துப் பக்கம், தோல் தடிமனாக இருக்கும் இடத்தில், கத்தியால் ஒரு துண்டு வெட்டி வெட்டுவாயைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் நீலமாக இருந்து நடுவில் நூலளவு வெள்ளை தெரிந்தால் குரோம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்பேன். நடுவரைக்கும் நீலம் ஏறியிருந்தாலும் பல நாள் அதையேதான் சொல்வேன். ஊறாமல் கெட்ட தோலைப் பார்த்திருக்கிறேன். குரோமில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஊறியதால் கெட்ட தோலை நான் பார்த்ததில்லை.

ஆபரேட்டர்களுக்கு என்னைப் பிடிக்காது. "அந்தாளு அவங்க அம்மா சோறு போட்டாக்கூட வெட்டிப் பாத்துட்டுதான் துண்ணுவான்" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு வேலையை விட்டு, பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்து, முப்பதை நெருங்கும் வயதில் வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் திரும்புவேன். என்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியையை எல்லோரும் மேடம் என்போம். குறைவாகப் பேசுவார், பேசினால் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார்.

என் ஆராய்ச்சி ஒரு வாசலைப் பற்றியது. செல்லின் நடுவில் உட்கரு இருக்கிறது, மரபணுக்கள் அதற்குள் இருக்கின்றன. ஆனால் புரதங்கள் தயாராவது உட்கருவுக்கு வெளியே. மரபணுக்களிடம் வேலை உள்ள புரதம் எப்படியாவது உள்ளே போயாக வேண்டும். உட்கருவைச் சுற்றி இரட்டைச் சுவர், சுவர் நெடுகத் துளைகள். சின்னப் புரதங்கள் துளை வழியாகத் தாமாக நழுவிப் போய்விடும். பெரியவை அப்படிப் போக முடியாது. அவற்றின் உடம்பிலேயே ஒரு சிறு பகுதி நுழைவுச் சீட்டாக அமைந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு புரதம் உண்டு, இம்போர்ட்டின் என்று பெயர். அது சரக்கைப் பிடித்தபடி துளைக்குள் புகுந்து உள்ளே போகும். உள்ளே ரான் என்கிற குட்டிப் புரதம் வந்து ஒட்டியதும் இம்போர்ட்டின் பிடியை விட்டுவிடும். சரக்கு உள்ளே தங்கிவிடும், இம்போர்ட்டின் வெளியே வந்து அடுத்ததற்கு நிற்கும். காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் அடையாள அட்டை மாட்டிய பெண்களை ஊர் ஊராக ஏற்றி வந்து, கேட்டுக்குள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற மாதிரி.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். சீட்டைக் காட்டாமல் யாரையும் உள்ளே விடாத ஒரு வாசல் உயிருக்குள்ளேயே இருக்கிறது. என் புத்தி ஒன்றும் கோணல் புத்தி இல்லை என்று தோன்றியது.

பரிசோதனை இதுதான். பச்சையாக ஒளிரும் பெரிய புரதம் ஒன்றை இரண்டு வகையாகத் தயாரித்து, தனித்தனிக் குழாய்களில் ஃப்ரீசரில் வைத்திருந்தோம். ஒன்றில் சீட்டு சரியாக இருக்கும். மற்றதில் சீட்டைக் கெடுத்திருப்போம். கண்ணாடித் துண்டில் வளர்த்த செல்களை ஒரு சின்னத் தட்டில், டிஜிடோனின் என்ற மருந்தில் ஐந்து நிமிடம், ஐஸ் மேல், வைக்க வேண்டும். அது சோப்பு மாதிரி வேலை செய்யும். கொலஸ்ட்ரால் ஜாஸ்தியாக இருக்கும் செல்லின் வெளித்தோலில் ஓட்டை போடும். கொலஸ்ட்ரால் கம்மியான உட்கருவின் சுவரைத் தொடாமல் விட்டுவிடும். பிறகு பஃபர் என்கிற உப்புக் கரைசலில் கழுவி, இம்போர்ட்டினையும் ரானையும் மற்றவற்றையும் ஊற்றி, ஒரு கண்ணாடிக்குச் சீட்டுள்ள புரதம், இன்னொன்றுக்குச் சீட்டு கெட்ட புரதம் விட வேண்டும். அரை மணி கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முதலாவதில் உட்கருக்கள் பச்சையாக ஒளிர வேண்டும். இரண்டாவதில் உட்கருக்கள் கறுப்பாக இருக்க வேண்டும்.

எனக்கு இரண்டிலும் பச்சை வந்தது. மறுபடி செய்தேன், பச்சை. மூன்றாம் தடவையும் பச்சை. சீட்டே இல்லாதவன் ராஜா மாதிரி உள்ளே போய் உட்கார்ந்திருந்தான்.

யாரோ குழாய்களை மாற்றுகிறார்கள் என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. லேபில் என்னைத் தவிர அந்தக் குழாய்களைத் தொடுகிறவர் ஒருவர்தான். லேப் டெக்னீஷியன் அக்கா. நாற்பது வயது இருக்கும். நெமிலிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர். கணவர் அடிபட்டு வீட்டோடு இருந்தார். பெரிய பெண் பதினொன்றாவது. அக்காவின் வேலை ஒரு வருட ஒப்பந்தம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை போனால் அந்த வீட்டுக்கு வேறு ஆதரவு கிடையாது என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால் சாட்சிகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். அக்கா எனக்கு முன்னால் வந்து ஃப்ரீசரைத் திறந்துவைத்திருப்பார். ஏன் இவ்வளவு சீக்கிரம்? குழாய்மேல் எழுதிய மை அழிந்துபோனால் புதிதாக எழுதி ஒட்டுவார். எதைப் பார்த்து எழுதுகிறார்? எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சின்ன நோட்டு. நான் பரிசோதனை செய்யும்போது பக்கத்தில் நின்றபடி அதில் ஏதோ எழுதுவார். நான் திரும்பினால் மூடி மேல்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் மதியம் மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலை ரொம்பத் தாழ்த்தியிருந்தார். "இன்னைக்கும் ரெண்டும் உள்ள பூந்துடுச்சு... இல்ல இல்ல, அவருக்குத் தெரியாது... நான் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வேலையையே செய்கிற வேறு லேப்கள் இருந்தன. யாருக்கோ தகவல் போகிறது, போதாதற்கு என் பரிசோதனையையும் கெடுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டேன். எங்கள் குழாய்களைத் தெருவில் வைத்துக் கூவினாலும் வாங்க ஆளிருக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கம்பெனிக்காரர்களின் தோலையும் நாங்கள் பதனிட்டுக் கொடுப்போம். எல்லாம் ஒரே டிரம்முக்குள் போய் ஒரே நிறத்தில் வெளியே வரும். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவரும் தோலின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் குத்தி அனுப்புவார்கள். மை அழிந்தாலும் துளை அழியாது. நானும் அதையே செய்தேன். சீட்டுள்ள புரதக் குழாயின் அடியில் ஊசியால் ஒரு கீறல், சீட்டு கெட்டதன் அடியில் இரண்டு. அக்கா வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு.

நான்காம் தடவை பரிசோதனை முடிந்ததும் குழாய்களைத் திருப்பிப் பார்த்தேன். கீறல்கள் சரியாக இருந்தன. எதுவும் மாறவில்லை. ஆனால் கண்ணாடிகள் இரண்டும் பச்சை.

நல்ல புத்தி உள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் இரண்டு மடங்கு ஆனது. குழாயை மாற்றவில்லை என்றால் உள்ளே இருப்பதை மாற்றியிருக்கிறார், அவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அவரோடு பேச்சைக் குறைத்தேன். ஐஸ் பெட்டியை நானே தூக்கினேன். குழாயை அவர் நீட்டினால் "அங்க வைங்க" என்பேன், கையில் வாங்க மாட்டேன். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்று தினமும் கேட்பார். ஒரு திங்கட்கிழமை முதல் அது சார் ஆனது. "பஃபர் போட்டு வெச்சிட்டேன், சார்." நான் அதையும் குறித்துக்கொண்டேன். தப்பு செய்தவருக்குத்தான் திடீரென்று மரியாதை வரும் என்று தோன்றியது.

அந்த வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபார்மை நீட்டினார். அக்காவின் ஒப்பந்தப் புதுப்பிப்பு. கூட வேலை செய்கிறவரின் கருத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

"உங்களோடதான் மோஸ்ட்லி ஒர்க் பண்றாங்க. நீங்களே எழுதுங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன். மாதிரிகளைக் கையாள்வதில் கவனம் போதாது, அவை கலந்துபோயிருக்க வாய்ப்பு உள்ளது என்று. ஆங்கிலத்தில் அது இன்னும் சுத்தமாக, கைபடாத மாதிரி இருந்தது. மேடம் படித்தார். "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். ஷ்யூர் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஃபார்ம் சனிக்கிழமை ஆபீசுக்குப் போனது.

மறுநாள் ஞாயிறு. லேபில் யாரும் இல்லை. இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே செய்து, சரியான முடிவை எடுத்து, மேடத்தின் மேஜையில் படமாக வைக்கப்போகிறேன் என்று போனேன். புதுப் புரதத்தை நானே எடுத்தேன். பஃபரை நானே கலந்தேன். கூடவே இன்னொன்றும் சேர்த்தேன். பெரிய சர்க்கரை மூலக்கூறில் சிவப்புச் சாயம் கட்டிய ஒரு பொருள். அதற்குச் சீட்டும் கிடையாது, உடம்பும் பெரிது. உட்கருவின் சுவர் ஒழுங்காக இருந்தால் அது உள்ளே போகவே முடியாது. சுவர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அதை வைத்திருப்பார்கள். ஆரம்பத்திலேயே மேடம் அதைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். என் கை சரியாகத்தானே செய்கிறது, எதற்கு என்று நான் தள்ளிப்போட்டு வந்தேன். இன்றைக்கு யாரும் குறை சொல்லக் கூடாதென்று அதையும் விட்டேன்.

இரண்டு கண்ணாடியிலும் பச்சை உள்ளே இருந்தது. சிவப்பும் உள்ளே இருந்தது.

கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் சந்தேகப்பட வேறு ஆள் இல்லை. உட்கருவின் சுவர் கிழிந்திருக்கிறது, கிழித்தது நான்தான் என்று புரிய, வெட்கக்கேடு, அதற்கப்புறமும் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் நான் டிஜிடோனின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தயாரித்த கம்பெனியைச் சந்தேகப்பட்டேன்.

திங்கட்கிழமை அக்கா வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். எப்படிக் கேட்பதென்று தெரியாமல், "அக்கா, அந்த நோட்டுல இன்னா எழுதுறீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கம் பக்கமாகத் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் நான் செய்த ஒவ்வொரு படியும், அது எடுத்த நேரமும், குண்டு குண்டான எழுத்தில். டிஜிடோனின் என்ற இடத்தில் சிவப்பு மையில் கோடு. முதல் தடவை பதினொன்று. அடுத்தது பதினாலு. பிறகு பன்னிரண்டு. பிறகு பதினைந்து. ஐந்து என்று எங்குமே இல்லை.

"தட்டை சாய்ச்சி சாய்ச்சி பாத்துக்கினே இருப்பீங்க, சார். இன்னும் கொஞ்சம் ஊறட்டும், இன்னும் கொஞ்சம் ஊறட்டும்னு சொல்லிக்கினே இருப்பீங்க. நீங்க சொல்றது உங்களுக்கே தெரியாது."

எனக்கு நிஜமாகவே தெரியாது. ஐந்து நிமிடம் வைத்தேன் என்று என் குறிப்பேட்டில் அந்த நான்கு தடவையும் எழுதியிருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். செல்லையும் மாட்டுத்தோலாக நினைத்து ஊறவைத்திருக்கிறது என் கை. ஊறி ஊறி வெளித்தோல் போய், உட்கருவின் சுவரும் போய், வாசலைச் சோதிக்க வேண்டிய நான் வீட்டையே இடித்துவைத்திருந்தேன்.

"ஏங்க்கா சொல்லல?"

"ரெண்டாவது தடவ சொன்னேன். டைம் ஆயிடுச்சு தம்பின்னேன். எனக்குத் தெரியும்க்கான்னீங்க. நான் டேனரிலயே இருந்தவன், எதை எவ்ளோ ஊற வெக்கணும்னு எனக்குத் தெரியும்னீங்க. அப்புறம் இன்னா சொல்றது. எம் பொண்ணுகூட போன்ல கேட்டுச்சு, அவருக்குத் தெரியுமாம்மான்னு. தெரியாது, எழுதி வெச்சிருக்கேன், அவரே கேட்டா காட்டலாம்னு சொன்னேன். நீங்க கேக்கவே இல்லை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "மேடம்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"மேடமும் கேட்டாங்க. ஏன் ஒர்க் ஆகலன்னு. சார் நல்லாதான் செய்றாரு, சீக்கிரம் வந்துடும்னேன். வாய விட்டு உங்க படிப்புல இன்னாத்துக்கு மண்ணப் போடணும்."

அன்றைக்கு மதியமே மறுபடி செய்தோம். அக்கா போனில் நேரம் வைத்து, ஐந்தாவது நிமிடம் "போதும், எடுங்க" என்றார். என் கை எடுக்க மறுத்தது. போதவில்லை, நடுவில் வெள்ளை இருக்கும் என்று கை சொன்னது. அவரே தட்டை இழுத்து மருந்தைக் கொட்டிக் கழுவினார். மைக்ராஸ்கோப்பில் முதல் கண்ணாடியில் உட்கருக்கள் பளிச்சென்று பச்சையாக இருந்தன. இரண்டாவதில் அவை கறுப்பு வட்டங்களாக இருந்தன. சிவப்பு எதற்குள்ளும் போகவில்லை. சீட்டு இருந்தது உள்ளே, இல்லாதது வெளியே. இதைப் பார்க்கத்தான் நான் டேனரியை விட்டு வந்தேன். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எவ்ளோ அழகா நிக்குது பாருங்க, வெளியவே" என்றார்.

அப்போதுதான் அந்த ஃபார்மைப் பற்றிச் சொன்னேன். இதற்குமேல் தள்ளிப்போட என்னால் முடியவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இன்னா எழுதினீங்க? அப்படியே சொல்லுங்க" என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன். "தமிழ்ல" என்றார். தமிழில் சொன்னேன். அதில் சுத்தம் எதுவும் மிச்சமில்லை. அவர் நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தட்டுகளைக் கழுவப் போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடத்திடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உடனே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செக்ஷனில் இருந்தவர் படித்துவிட்டு, "பாதகமா எழுதினது ஃபைல்ல ஏறிடுச்சு சார். இப்ப மாத்தி எழுதினா ஏன் மாத்தினீங்கன்னு எங்களைக் கேப்பாங்க. லிஸ்ட்ல காத்திருந்த ஆளுக்குக் காலைலயே ஆர்டர் போட்டாச்சு" என்றார். நான் இரண்டு மாதம் அந்த ஆபீசுக்கு நடந்தேன். மேடமும் இரண்டு தடவை வந்தார். ஒரு வரியை உள்ளே அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதை வெளியே எடுக்க ஒரு வழியும் கிடைக்கவில்லை. அக்கா முதல் மாதக் கடைசியிலேயே நின்றுவிட்டார். ஒரு ஷூ கம்பெனியில், தோலின் நிறம் கழுவினால் போகிறதா என்று சோதிக்கும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். தினமும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வருடம் எங்கள் கட்டுரை தயாரானபோது, நன்றி சொல்லும் பகுதியில் அக்காவின் பெயரைப் போட வேண்டும் என்றேன். மேடம் சம்மதித்து, அவரிடம் கேட்டுவிடச் சொன்னார். போன் செய்தேன். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் கேட்டது. நேரம் பார்த்துச் சொன்னதே நீங்கள்தான், உங்கள் பெயர் வர வேண்டும் என்று, மனப்பாடம் செய்ததைப் போல ஒப்பித்தேன்.

இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, ஒதுங்கி நின்றிருப்பார்.

"நான் கலந்துட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதினீங்க, சார். நான் ஒழுங்கா செஞ்சேன்னு இன்னொரு பேப்பர்ல எழுதுறீங்க. ரெண்டுலயும் எம் பேரு இருக்குது. எம் பொண்ணு அடுத்த வருஷம் அதே காலேஜ்ல சேரணும்ன்றா. அவ எந்தப் பேப்பர முதல்ல பாப்பா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.